ஸேநேகி

ஜப்பானிய வகுப்பில் இடமில்லை.
அதனால் செவ்வாய் இரவு ஏழு மணிக்குக்
கொரிய மொழி.

கிளமெண்டி, நான்காவது மாடி.
குளிரூட்டியை யாரோ
மூன்று சட்டை போட்டவர்க்கென்று வைத்திருக்கிறார்கள்.
உட்லண்ட்ஸ் பேருந்து நிலையத்தில் காலைப் பணி முடித்து
சீருடை மேல் ஸ்வெட்டர் மாட்டி வந்திருந்தேன்.
நாற்பத்தாறு வயது. முதலாம் ஆண்டு.
மாணவர் அட்டையில் இருக்கும் என் முகம்
பிள்ளையைக் கூட்டிப்போக வந்து
வாசலில் நிற்பவள் முகம் மாதிரி.

அறிமுக நாளன்று ஒரு பையன்
என்னைப் பேராசிரியர் என்று நினைத்து நாற்காலி தந்தான்.
நான் திருத்தவில்லை.
கால் வலித்தது.

யூன் ஆசிரியை என் பெயரைக் கட்டங்களாக எழுதினார்.
குழலி, குல்லி ஆனாள்.
ழகரம் போனதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன்,
எங்கள் தமிழ் வகுப்பிலேயே
பாதிப்பேர் அதைத் தொலைத்திருந்தோம்.

பிறகு பலகையில் மூன்று சொற்கள்.
மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: நான்.

முதல் சொல், ஆண்டுக் கணக்கு. படிவத்துக்கு.
இரண்டாவது, சினிப்செங்.
பக்கத்து மேசை பெக் ஹூன் எழுதவே இல்லை.
புதிது, நுழைவு, மாணவர் என்று
விரல்விட்டுச் சொல்லிவிட்டு
மைலோ குடித்தார்.
சீன எழுத்துகள் அவருக்கு வைத்த ஏணி அது.
ஏறிப் போய் மேலே உட்கார்ந்துவிட்டார்.
நான் கீழே நின்று
செங், செங், செங் என்று
மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சொல்லுக்குச் சீன எழுத்து கிடையாது.
அவர்கள் மண்ணிலேயே முளைத்த சொல்லாம்.
ஸே என்றால் புது.
நேகி தனியே நிற்காது, நம் 'காரி' போல,
எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.
சோல் நகரத்தாள் ஒரு நேகி.
காய் பழுக்காதவள் ஒரு நேகி.
புதிதாய் வந்தவள்
ஸேநேகி.

பெக் ஹூன் மைலோவை வைத்துவிட்டுப்
பேனாவைத் தேடினார்.

கடைசி எழுத்து முதலில் வந்தால் வல்லோசை,
நடுவில் வந்தால் மெலியும் என்றார் ஆசிரியை.
எல்லோரும் விதியைக் குறித்துக்கொண்டார்கள்.
கடல், பகல் என்று சொல்லிப் பார்த்தேன்.
என் நாக்கு இந்த வேலையை
நாற்பது வருடமாகச் சம்பளமில்லாமல் செய்து வந்திருக்கிறது.

அப்போதுதான் காதில் விழுந்தது.
ஸேநேகி.
சிநேகி.

சிரித்துவிட்டேன், சத்தமாக.
ஏதும் உறவில்லை என்று தெரியும்.
சிநேகமே எங்களிடம் வடமொழிக் கடன்.
அதிலும் இது பாதிச் சொல்,
'திக்கு முன்னால் நின்றுபோன தோழி.
இல்லை, முழுச் சொல்தான்:
ஒரு கட்டளை.
சிநேகி.
யாரை என்று சொல்லவில்லை.

எப்படி மனப்பாடம் பண்ணினே என்று
மின்தூக்கியில் பெக் ஹூன் கேட்டார்.
வங்கியில் முப்பத்தோரு வருடம்,
ஓய்வு பெற்ற மறுவாரம் விண்ணப்பம்.
சொன்னேன்.
அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.
கொரியமாகவும் இல்லை, தமிழாகவும் இல்லை,
ஹொக்கியன் வாடையோடு
இரவுப் பேருந்து வரும்வரை
அது எங்களுக்கிடையே உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரத் தேர்வில்
எனக்கு அரை மதிப்பெண் போயிற்று.
அந்த ஏகாரத்துக்கு இரண்டு எழுத்து, ஒரே ஒலி.
நான் எழுதியதில் குறுக்குக்கோடு
கம்பத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது,
பிடிக்க ஆளில்லாத கை மாதிரி.
சிவப்பு மையில் ஆசிரியை அதை அடித்து
இரண்டு கம்பம் நட்டு
நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
ஏணிதான்.
ஒரே ஒரு படி.